கார்டினலோடு கலந்து வந்தவை

ஜனவரி 9, வியாழன்

காலையில் மீன் கடை காஜா பாய் போன் செய்தார். கடைக்குச் சிங்கப்பூர்ச் சரக்கு வந்திருக்கிறதாம். கார்டினல் மீன் பெட்டிக்குள் என் பெயர் எழுதிய சின்னப் பை ஒன்று இருக்கிறதாம்.

"உன் வூட்டுக்காரரு எழுத்து மாதிரிதாம்மா தெரியுது. சீக்கிரம் வந்து எடுத்துனு போ. தண்ணி சில்லுனு ஆயிப்போச்சு."

தலையைக்கூடச் சரியாக வாராமல் ஓடினேன். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைத் தெருவில் அந்நேரத்துக்கே தெர்மாகோல் பெட்டிகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. பையில் மார்க்கரால் 'வேணி' என்று மட்டும் எழுதியிருந்தது. அம்சவேணி என்று முழுதாக எழுதுவார் எப்போதும். அவசரம் போலிருக்கிறது.

உள்ளே ஏழு மீன்கள். சுண்டுவிரல் நுனியளவுதான். கார்டினல் என்றால் நீலக்கோடும் சிவப்புக்கோடுமாக, பார்த்தவுடன் குழந்தைகள் கை நீட்டுகிற மீன். இவை காய்ந்த சருகைக் கிள்ளிப் போட்டது மாதிரி மூலையில் ஒண்டிக்கிடந்தன. ஒன்றுகூட எனக்குத் தெரிந்த மீன் இல்லை. பதினாறு வருஷமாக மீன் வளர்க்கிறேன்.

பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டுவிட்டுச் சிங்கப்பூரில் இருக்கிற அவருக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் எடுக்க மாட்டார். எடுத்தார்.

"பை வந்துச்சா?"

"வந்துச்சு. என்ன மீனுங்க இது?"

"தெரியல வேணி. கார்டினலோட கலந்து வந்துச்சு. கொலம்பியா சரக்கு. இங்க யாரும் கண்டுக்கல. நீ பாத்து என்னன்னு கண்டுபிடியேன்."

"செத்துடாம இருந்தா பாக்கறேன்."

"உயிரோட இருக்கற தீனி மட்டும் போடு. பாதாம் இலை ஊறவெச்ச தண்ணி நல்லது. அப்புறம் சின்னதா ஒரு பைப்பு துண்டு போட்டு வை."

"பேரு தெரியாதுன்றீங்க. மத்ததெல்லாம் தெரியுதா?"

"சும்மா ஒரு யூகம்தான்."

பேசிக்கொண்டிருந்ததில் அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்க அரைமணி நேரம்.

ஜனவரி 10, வெள்ளி

ஏழும் உயிரோடு இருக்கின்றன. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மிலிருந்து எடுத்து, பாதாம் இலை போட்டு, டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு தொட்டி தயார் செய்தேன். தண்ணீர்ப்பூச்சி விட்டதும் ஒன்று மட்டும் வெளியே வந்தது. நீந்தி வரவில்லை. இலையின் மேல் உட்கார்ந்து, தலையைத் திருப்பிப் பார்த்து, திடீரென்று தாவிக் கவ்வியது. பூனைக்குட்டி மாதிரி.

காஜா பாய் பார்க்க வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இது அப்பிஸ்டோம்மா. குட்டி சிக்லிட். நான் சொல்றேன் பாரு."

"சிக்லிட்டுன்னா முதுகுத் துடுப்புல முன்னாடி முள்ளு இருக்கணுமே பாய். இதுக்கு எல்லாமே மெத்துனு இருக்கு."

"வயசு ஆவட்டும், முள்ளு வரும்," என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். முள் அப்படி வயசுக்கு வருவதில்லை என்று அவருக்கும் தெரியும். தோற்க மாட்டார்.

மாலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து அவர் போன். வெள்ளிக்கிழமையில் போன் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பாய் சொன்னதைச் சொன்னேன். சிரித்தார்.

ஜனவரி 12, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குப் போன் நாள். போன மார்ச்சில் அவர் போனபோது தினமும் பேசினோம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். தீபாவளிக்குப் பிறகு ஞாயிறு மட்டும். "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "ஆச்சு." "சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். சண்டை எதுவும் கிடையாது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இன்று இருபது நிமிடத்துக்கு மேல் பேசினோம். எல்லாம் மீன் பற்றித்தான். செதில் பெரிதா சின்னதா, வால் கவை பிரிந்திருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கோடு உண்டா. நான் தொட்டிமுன் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சொன்னேன். கால் மரத்துப்போனது தெரியவில்லை.

கீழறையைத் திறந்து ஒட்டடை அடித்தேன். போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் வந்த புயலுக்கு முன் எங்கள் பெரிய தொட்டிகள் எல்லாம் அந்த அறையில்தான் இருந்தன. ஏரித் தண்ணீர் உள்ளே புகுந்து, நாலு நாள் கரண்ட் இல்லாமல், டிஸ்கஸ் மீன் ஜோடிகள் அத்தனையும் போய்விட்டன. அவர்தான் வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார். நான் மொட்டை மாடித் தொட்டிகளை வைத்து மறுபடி தொடங்கலாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, சிங்கப்பூரில் ஒரு மீன் ஏற்றுமதிப் பண்ணையில் வேலை, ஒரு வருஷ ஒப்பந்தம் என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒரு ஆளுக்குப் பொங்கல் வைப்பது எப்படி என்று இன்னும் கை பழகவில்லை. பாதிக்கு மேல் காஜா பாய் வீட்டுக்குக் கொடுத்தேன்.

மதியம் அவர் வீடியோவில் வந்தார். மீனைக் காட்டச் சொன்னார். போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தேன்.

"கொஞ்சம் மேல காட்டு."

மேலே காட்டினேன்.

"அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் மேல."

தொட்டிக்கு மேல் ஒன்றும் இல்லை. நான்தான் நின்றிருந்தேன். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க நினைத்திருப்பார். புதுப்புடவை கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. அது அக்கா எடுத்துக் கொடுத்தது. பண்டிகை நாளில் கட்டாமல் வேறெப்போது கட்டுவது.

ஜனவரி 19, ஞாயிறு

இந்த வாரம் தள்ளுபடி செய்தவை: அப்பிஸ்டோ இல்லை. கோபி மீன் இல்லை, கோபிக்கு முதுகில் இரண்டு துடுப்பு, வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும். கில்லியும் இல்லை, அதற்குத் துடுப்பு வாலை ஒட்டிப் பின்னால் தள்ளி நிற்கும். இதற்கு நடு முதுகில் ஒரே துடுப்பு. ஆண் மீன் அதை விரித்தால் பாய்மரம் மாதிரி எழும்புகிறது. விரித்தபோதுதான் பார்த்தேன், சருகு நிறம் என்று நினைத்த உடம்பெல்லாம் நீலப்பச்சைப் பொட்டுகள். மினுக் மினுக்கென்று.

இதை அவரிடம் சொன்னேன்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ சொல்லு. நீ சொன்னா நேர்ல பாக்கற மாதிரி இருக்கு."

ஜனவரி 20, திங்கள்

போன் இல்லை. திங்கட்கிழமை அங்கே ஏற்றுமதிக்கு மீன் பெட்டி கட்டும் நாள்.

ஜனவரி 21, செவ்வாய்

போன் இல்லை. இன்றும் பெட்டி கட்டுவார்கள் போல.

ஜனவரி 22, புதன்

பேசினார். சளி பிடித்திருந்ததாம். கஷாயம் எப்படிப் போடுவது என்று கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மிளகு அங்கே கிடைக்கிறதாம்.

ஜனவரி 24, வெள்ளி

பெண் மீன் ஒன்று இறந்துவிட்டது. இரவில் குளிர் அதிகம், ஹீட்டர் வேலை செய்யவில்லை. என் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது, புது ஹீட்டர்தான்.

ஆனாலும் தூக்கி எறிய மனம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அலங்கார மீன் பயிற்சி வகுப்பு எடுத்த ஹெப்சிபா மேடத்தின் ஞாபகம் வந்தது. நாகர்கோவில்காரர், நகரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறார். போன் செய்ததும் எடுத்தார். "அய்யோ, வீசிராதீங்க! சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல போட்டு மூடி வைங்க. திங்கட்கிழமை கொண்டு வாங்க," என்றார்.

மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி, ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, அதில் போட்டேன். ஸ்பிரிட்டில் விழுந்ததும் நீலப்பொட்டெல்லாம் மங்கிப்போய்விட்டது. பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஜனவரி 27, திங்கள்

ஹெப்சிபா மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரம். மீனைத் தட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் தள்ளினார். ஊசியால் துடுப்பு நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். என்னையும் பார்க்கச் சொன்னார். வாய்க்குள் வரிசையாகப் பல். இத்தனை சின்ன வாயில் இத்தனை பல்லா!

"இது டெட்ரா கூட்டத்தோட தூரத்துச் சொந்தம், வேணி," என்றார். "அந்தப் பெருங்கூட்டத்துல ஒரு சின்னக் குடும்பம். நம்ம ஊர்ல யாரும் அவ்வளவா பாத்ததில்ல. அதுல ரெண்டு பேரு மேல எனக்குச் சந்தேகம் இருக்கு. எந்த ஆத்துல பிடிச்சதுன்னு தெரியுமா?"

"கொலம்பியான்னு சொன்னாரு மேடம். கார்டினலோட கலந்து வந்ததாம்."

"யாரு சொன்னா?"

"வீட்டுக்காரரு."

"அவருகிட்ட இன்னும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க. ஊரு தெரியாத மீனுக்குப் பேரு சொல்றது கஷ்டம் பாத்துக்கிடுங்க. ஒரு வாரம் குடுங்க, படிச்சுப் பாத்துட்டுக் கூப்பிடுறேன்."

பஸ்ஸில் வரும்போதே அவரைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "பொண்ணா, புள்ளயா?" என்று கேட்டார். நான் ஸ்கேன் ரிசல்ட் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. மீன் என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 3, திங்கள்

மேடம் கூப்பிட்டார். குரலிலேயே சந்தோஷம்.

"கிடைச்சாச்சு வேணி! எழுதிக்கிடுங்க. போசிலோகாராக்ஸ் வெயிட்ஸ்மானி. வெயிட்ஸ்மேன்னு ஒரு மீன் ஆய்வாளர், அவரு பேரத்தான் வெச்சிருக்காங்க. கறுப்புத் தண்ணி ஓடுற ஓடையில, இலைக் குப்பைக்குள்ள இருக்கும். ஆம்பளதான் பொந்துக்குள்ள முட்டையக் காவல் காக்கும்."

"அந்த இன்னொண்ணு இல்லையா மேடம்? ரெண்டு சந்தேகம்னீங்களே?"

"கிரெனுக்கஸா? அதுக்கு வால் அடியில ஒரு கறுப்புப் பொட்டு இருக்கணும். உங்க மீன்ல இல்ல. சந்தேகமே வேண்டாம்."

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வெயிட்ஸ்மானி. வெயிட்ஸ்மானி. தொட்டிக்குள் எட்டிப் பார்த்து ஒருமுறை அதற்கும் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையில் பெயர் அடித்து வந்த மாதிரி இருந்தது.

ஏழு மணிக்கு அவர் போன்.

"மேடம் ஏதாவது சொன்னாங்களா?"

"இன்னும் இல்லைங்க. பாத்துக்கிட்டே இருக்காங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எழுத்தில் உறுதியாக வரட்டும் என்றுதான் இருக்கும். மேடமும் மனுஷிதானே, தப்பாக இருக்கலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

மேடம் எழுத்திலும் அனுப்பிவிட்டார். இரண்டு பக்கம், படங்களோடு.

மாலையில் அவர், "கிரெனுக்கஸ்னு ஒண்ணு இருக்கு வேணி. அதுவா இருக்குமோ?" என்றார்.

"இருக்கலாம்."

"வால் அடியில ஒரு பொட்டு இருக்கான்னு பாரு."

"வெளிச்சம் பத்தலைங்க. காலைல பாத்துச் சொல்றேன்."

"அவசரமே இல்ல. நிதானமாப் பாரு."

பிப்ரவரி 7, வெள்ளி

பொட்டு இருக்கிற மாதிரியும் தெரிகிறது, இல்லாத மாதிரியும் தெரிகிறது என்று சொன்னேன். "அப்ப நாளைக்கும் ஒரு தடவை பாத்துடு," என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று தைப்பூசம். முருகன் கோவில் வாசலில் கூட்டம் தாங்க முடியாமல் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தேன். பூக்காரம்மா மிச்சம் இருந்த மல்லிகையைக் கையில் திணித்துவிட்டாள்.

மீன் பேச்சு நடுவில் அவர் தன் அறையைப் பற்றிச் சொன்னார். இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் தஞ்சாவூர், இருவர் வங்கதேசம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் வெளியே போய்விடுவார்களாம், இவர் மட்டும் துணி துவைத்துவிட்டுத் தூங்குவாராம். இதெல்லாம் இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

இன்றைய மீன் விஷயம்: செதில் எண்ணிக்கை. நான் எண்ணியதும் அவர் கேட்டதும் ஒத்துவரவில்லை. அதற்காக நன்றாகச் சண்டை போட்டோம். எவ்வளவு நாள் ஆயிற்று இப்படிச் சண்டை போட்டு.

பிப்ரவரி 15, சனி

காஜா பாய் கடையில் தூசி தட்டிக்கொண்டே கேட்டார், "லோகு சிங்கப்பூர்லயே இருந்துக்கப் போறாப்லயாமே?"

"யார் சொன்னது?"

"சரக்கு ஏஜென்ட்தாம்மா. சூப்பர்வைசரா போடறாங்களாம். மறுபடி ஒப்பந்தம். மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து போடணுமாம். உன்கிட்ட சொல்லலியா?"

"சொன்னாரு, சொன்னாரு."

வீட்டுக்கு வந்து மாடியில் இருக்கிற அத்தனை ஃபில்டரையும் கழற்றிக் கழுவினேன். போன வாரம்தான் கழுவியிருந்தேன். ஆனாலும் அழுக்கு இருக்கத்தான் செய்தது.

மாலை போனில் அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இலைக்கடியில் உட்கார்ந்திருக்கிற மீன் ஆணா பெண்ணா என்று பேசினோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் ஆண் மீனைக் காணோம். பதறிப்போய்த் தரையெல்லாம் தேடினேன், குதித்துவிட்டதோ என்று. பிறகு பைப்புத் துண்டுக்குள் டார்ச் அடித்தால், உள்ளே இருக்கிறது. கரி மாதிரி கறுத்து, துடுப்பை விரித்து, என்னை முறைத்துக்கொண்டு. அதன் வயிற்றுக்குக் கீழே, பைப்பின் சுவரில், ஒட்டினாற்போல் முட்டைகள். ஜவ்வரிசியைவிடச் சின்னது.

ஏழு மணிவரை காத்திருக்க முடியவில்லை. வேலை நேரம் என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

"முட்டை போட்டிருக்குங்க!"

"என்னது! நெசமாவா? வேணி, இங்க ஒருத்தருக்கும் இன்னும் முட்டை போடல! மூணு தொட்டி நெறைய வெச்சிருக்கோம், ஒண்ணு கூட..."

அப்படியே நிறுத்திவிட்டார்.

"அங்க இருக்கா இந்த மீனு?" என்று கேட்டேன்.

பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கா?"

"இருக்கு. வெயிட்ஸ்மானி. தொட்டி மேலயே எழுதி ஒட்டியிருக்கு. மொத நாளே தெரியும்."

"கலந்து வந்துச்சுன்னீங்க?"

"நான்தான் பிடிச்சுப் பையில போட்டேன். பண்ணையில கேட்டுட்டுதான் போட்டேன். உனக்குத் தெரியாத மீனா இருக்கணும்னு தேடித் தேடி எடுத்தேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "ஞாயித்துக்கிழமை போன எடுத்தா, சாப்டியா, சாப்டேன். அதுக்கு மேல எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல வேணி. வெச்சிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். மீனுன்னா நீ பேசுவேன்னு தோணுச்சு. பேரு சொல்லிட்டா ஒரு நாள்ல முடிஞ்சிடும்."

"எனக்கும் தெரியும். மேடம் சொல்லி ரெண்டு வாரமாச்சு," என்றேன்.

"அப்புறம் ஏன்..."

போன் நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்துபோயிருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

போன் சார்ஜ் தீரவில்லை. நான்தான் வைத்தேன். அவர் "ஏன்" என்று கேட்டதும் என்னால் முடியவில்லை. அங்கே நின்று என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை.

போன் வரவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

போன் வரவில்லை. முட்டைகளில் இரண்டு வெளுத்துவிட்டன, ஆண் மீன் அவற்றைத் தள்ளிவிட்டது. மற்றவற்றுக்குள் கறுப்பாகப் புள்ளி தெரிகிறது. கண்.

இதைச் சொல்ல ஆளில்லை. காஜா பாயிடம் சொன்னேன். "அட, கொளத்தூர்லயே மொத தடவையா இருக்கும்மா," என்று எல்லோருக்கும் போன் செய்து சொன்னார். ஒரு சின்னக் கூட்டமே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எல்லோருக்கும் காபி போட்டேன். அவர்கள் போனபின் வீடு முன்னைவிட வெறிச்சென்று இருந்தது.

பிப்ரவரி 22, சனி

குஞ்சு பொரித்துவிட்டது. கண்ணிமை முடி அளவு. தீனிக்குப் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர் துளித் துளியாக விட்டேன்.

போனை எடுத்தேன். பிறகு மின்கட்டணம் கட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். கட்டினேன். கீழே வைத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நானே கூப்பிட்டேன். காலையிலேயே. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"குஞ்சு பொரிச்சிடுச்சா?" என்றார்.

"அதப் பத்திப் பேசக் கூப்பிடல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் தொட்டி தெரியும், தொட்டி தெரிந்தால் மீனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன்.

"வந்துடுங்க," என்றேன். "மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து போடணும்னு பாய் சொன்னாரு. போடாதீங்க. வந்துடுங்க."

"வேணி..."

"கீழறைதானே உங்களுக்கு முடியல? அத மூடிடலாம். வாடகைக்கு விட்டுடலாம். நீங்க அந்தப் பக்கமே வர வேணாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு வாளிய எடுத்துக்கிட்டு நீங்க ஏறி ஏறி இறங்கினத நான் பாத்துக்கிட்டுதானே நின்னேன்."

அவர் குரல் கம்மியிருந்தது. "இன்னும் அந்த வாடை அடிக்குது வேணி. சோத்துல கை வெச்சா அடிக்குது. இங்க வந்தா போயிடும்னு நெனச்சேன். இங்கயும் மீன்தான். ஆனா எதுவும் என்னுது இல்ல. செத்தா குறிச்சு வெச்சிட்டு அடுத்த தொட்டிக்குப் போயிடலாம். அதனாலதான் இருக்க முடிஞ்சுது."

"நானும் ஒரு வருஷம் இருந்து பாத்துட்டேன். எனக்கு முடியல."

மறுமுனையில் அவர் அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. டிஸ்கஸ் போனபோதுகூட அழவில்லை.

"நேத்து போட்டுட்டேன் வேணி," என்றார்.

"எத?"

"கையெழுத்த. நீ செவ்வாக்கிழம போன வெச்சதும், சரி, நான் ஏமாத்திட்டேன்னு உனக்குக் கோவம், இனிமே எங்கிட்ட பேச மாட்டேன்னு... நேத்து கூப்பிட்டாங்க. போட்டுட்டேன். இன்னும் ஒரு வருஷம்."

நேற்று. நான் போனைக் கையில் எடுத்து மின்கட்டணம் கட்டிய அதே நேற்று.

கோபம் வரவில்லை. யார்மேல் வருவது. "ஏப்ரல்ல பத்து நாள் லீவு தருவாங்க, கேக்கறேன்," என்றார். "கேளுங்க," என்றேன். "திரும்பிப் போகணும் ஆனா," என்றார். "தெரியும்," என்றேன். பிறகும் இருவரும் வைக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. தண்ணீர் மாற்றினேன்.

மார்ச் 5, புதன்

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிவிட்டன. ஹெப்சிபா மேடம் மாணவர்களோடு வந்து பார்த்தார். தன் கட்டுரையில் என் பெயரையும் போடப்போகிறாராம். "வளர்த்தவங்க பேரு அம்சவேணி, அப்புறம்?" என்று கேட்டார். "லோகநாதன். அவர் பேரும் போடுங்க மேடம், கொண்டு வந்தது அவருதான்," என்றேன். "சிங்கப்பூர்ல இருக்காருல்லா, எப்ப வாறாரு?" என்றார். ஏப்ரல் என்று மட்டும் சொன்னேன்.

கீழறைக்கு ஆள் பார்த்துவிட்டேன். தையல் வகுப்பு நடத்துகிற பெண். வெள்ளை அடித்துக் கொடுக்கச் சொன்னாள். நானே அடித்தேன், இரண்டு தடவை. ஈரச் சுண்ணாம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது.

அவர் தினமும் பேசுகிறார். வேளை என்று ஒன்றும் கிடையாது. பெட்டி கட்டும்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். லீவு கேட்டாராம், இன்னும் பதில் வரவில்லை. சில நாள் இருவருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை. முன்பெல்லாம் அந்த இடத்தில் போனை வைத்துவிடுவோம்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் சாப்பிட்டு முடித்தபோது கூப்பிட்டார். அறையில் யாருமில்லையாம், துணி துவைத்தாயிற்றாம். ஏப்ரல் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆகஸ்ட் என்றார்களாம்.

"ஆகஸ்ட்ல சாயங்கால மழை தொடங்கிடும். ஏப்ரல் வெயில் இருக்காது. நல்லதுதான்," என்றேன்.

"ம்."

"தூக்கம் வருதா?"

"வருது. நீ வெச்சிடாத."

"வெக்கல."

"ஏதாவது வேலை இருந்தா பாரு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பாத்திரம் கழுவினேன். மோர் மிளகாயை வெயிலில் திருப்பிப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா தண்ணி லாரி வந்ததா என்று கேட்டார், வரவில்லை என்றேன். போன் மேடைமேலேயே இருந்தது. திரும்பி வந்து காதில் வைத்தபோது அவர் தூங்கிவிட்டிருந்தார். மூக்கில் லேசான சீட்டி, மூச்சு விடும்போது கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. இந்தச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது.

கூப்பிடவில்லை. மெதுவாக உள்ளே போய், போனை அவர் படுக்கிற பக்கத்துத் தலையணையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் நான் படுத்துக்கொண்டேன்.